‘ஃபேக் நியூஸ்’ என்று சொல்வதற்கு முன்னால்

எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரே நாளில் மூன்று பேர் ‘ஃபேக் நியூஸ்’ (போலிச் செய்தி) என்று எழுதினார்கள். காலையில் ஒரு டிவி சேனலின் லோகோ போட்ட நியூஸ் கார்டு வந்தது. அந்த சேனல் அப்படி எதையும் வெளியிடவே இல்லை, யாரோ எடிட் செய்தது என்று அக்கா மகள் கண்டுபிடித்து, ஃபேக் நியூஸ் என்று போட்டாள். சரிதான். மதியம் ஓர் இணையதளம் விபத்தில் இறந்தவர்கள் நான்கு பேர் என்று எழுதி, ஒரு மணி நேரத்தில் மூன்று பேர் என்று திருத்தியது. அதற்கு ஓர் அண்ணன் ஃபேக் நியூஸ் என்றார். இரவில், எங்கள் ஊர் சாலைப் பணியில் நடந்த குளறுபடியைப் பற்றி டெண்டர் தொகையோடு ஒரு நாளிதழில் வந்திருந்த செய்தியை ஒருவர் பகிர்ந்தார். அந்தச் சாலையில் தினமும் போய் வருகிறவர்கள் நாங்கள், அந்தச் செய்தியில் ஒரு வரிகூடத் தப்பில்லை. ஆனால் அது மாமாவுக்குப் பிடித்த கட்சிக்கு ஆகாத செய்தி, அதனால் மாமாவும் அதே சொல்லைத்தான் எழுதினார்.

ஒன்று போலி, ஒன்று பிழை, ஒன்று உண்மை. மூன்றுக்கும் ஒரே பெயர். இப்படியே போனால் எதைத் திருத்தச் சொல்வது, யாரிடம் கேட்பது, எதை நம்புவது என்று எதுவுமே பிடிபடாமல் போய்விடும் என்பது எனக்கு உண்மையான கவலை. முதல்முறை ஓட்டுப் போடப் போகிற பிள்ளைகள், அரசுத் தேர்வுக்காக தினமும் பேப்பர் புரட்டத் தொடங்கியிருப்பவர்கள், ஓய்வு பெற்ற பிறகு கைக்கு ஸ்மார்ட்போன் வந்த பெரியவர்கள், இவர்களை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

தமிழில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. ‘போலி டாக்டர்’ என்றால் எல்லோருக்கும் தெரியும். மருத்துவம் படிக்காமல் போர்டு மாட்டி ஊசி போடுகிற ஆள். முறையாகப் படித்த டாக்டர் ஒருநாள் நோயைத் தவறாகக் கணித்துவிட்டால் அவரை யாரும் போலி டாக்டர் என்பதில்லை, தவறான சிகிச்சை என்கிறோம், புகார் கொடுக்கிறோம். வருகிறவர்களையெல்லாம் குறிப்பிட்ட ஒரு லேபுக்கே அனுப்புகிறவரைப் போலி என்பதில்லை, கமிஷன் வாங்குகிறார் என்கிறோம். சர்க்கரை ஏறிவிட்டது, இனிப்பை நிறுத்துங்கள் என்று பிடிக்காததைச் சொன்னதற்காக ஒருவரைப் போலி டாக்டர் என்று திட்டிவிட்டு வந்தால் கெடுவது நம் உடம்பு. செய்திக்கும் இதே கணக்கை வைத்துக்கொள்ளுங்கள். எப்படி என்று ஏழு படிகளில் சொல்கிறேன்.

இந்தச் சொல் தடம் மாறிய கதை

படிகளுக்குப் போவதற்கு முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. 2016 அமெரிக்க அதிபர் தேர்தல் சமயத்தில், மாசிடோனியா நாட்டின் வெலஸ் என்ற சின்ன ஊரிலிருந்து இளைஞர்கள் அமெரிக்க அரசியல் பற்றி நூற்றுக்கும் மேற்பட்ட இணையதளங்களை நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு அங்கே ஓட்டும் இல்லை, பெரிய கொள்கைப் பிடிப்பும் இல்லை. டிரம்பை ஆதரிக்கும் பரபரப்புக் கதைகளை ஃபேஸ்புக்கில் மக்கள் அதிகம் கிளிக் செய்தார்கள், விளம்பரக் காசு வந்தது, அவ்வளவுதான். போப் பிரான்சிஸ் டிரம்புக்கு ஆதரவு தெரிவித்தார் என்ற கதையும் அந்த ஆண்டில்தான் இன்னொரு தளத்திலிருந்து கிளம்பி ஊரெல்லாம் சுற்றியது. அப்படி எதுவும் நடக்கவில்லை. செய்தித்தளம் போலவே பெயர், செய்தி போலவே தலைப்பு, உள்ளே முழுக் கற்பனை. இதற்கு ஃபேக் நியூஸ் என்று பெயர் வைத்தது பொருத்தமாகத்தான் இருந்தது.

தேர்தல் முடிந்து இரண்டே மாதம். 2017 ஜனவரி 11 அன்று பத்திரிகையாளர் சந்திப்பில் சிஎன்என் என்ற அமெரிக்கச் செய்தி சேனலின் நிருபர் கேள்வி கேட்க முயன்றபோது, டிரம்ப் மறுத்துவிட்டு ‘நீங்கள் ஃபேக் நியூஸ்’ என்றார். அதற்கு முந்தைய நாள், டிரம்பையும் ரஷ்யாவையும் பற்றிய சரிபார்க்கப்படாத குற்றச்சாட்டுகள் உளவுத்துறை அவருக்குக் கொடுத்த விளக்கத்தில் இடம்பெற்றன என்று சிஎன்என் சொல்லியிருந்தது. அந்த ஆவணத்தை முழுதாக வெளியிட்டது பஸ்ஃபீட் என்ற வேறொரு நிறுவனம். சரிபார்க்காத ஒன்றை அப்படியே வெளியிடலாமா என்று பத்திரிகையாளர்களுக்குள்ளேயே பெரிய வாக்குவாதம் நடந்தது, நியாயமான வாக்குவாதம். ஆனால் ‘நீங்கள் ஃபேக் நியூஸ்’ என்று சொன்னவுடன் அந்த வாக்குவாதத்துக்கே இடமில்லாமல் போனது. எது தப்பு, எது சரி என்று பேசவேண்டிய இடத்தில் ஒரு வசைச்சொல் வந்து உட்கார்ந்துகொண்டது.

மற்ற ஊர் அதிகாரத்தில் இருப்பவர்கள் இதை வேகமாகக் கற்றுக்கொண்டார்கள். அதே 2017 பிப்ரவரியில், சிரியாவின் செட்னாயா சிறையில் ஆயிரக்கணக்கானவர்கள் தூக்கிலிடப்பட்டார்கள் என்று ஆம்னெஸ்டி என்ற மனித உரிமை அமைப்பு அறிக்கை வெளியிட்டபோது, நாம் ஃபேக் நியூஸ் காலத்தில் வாழ்கிறோம் என்று சொல்லி அதிபர் அசாத் அதைத் தள்ளினார். 2024 டிசம்பரில் அவர் ஆட்சி விழுந்து அந்தச் சிறை திறக்கப்பட்ட நாட்களில், காணாமல் போனவர்களைத் தேடி அதன் வாசலுக்கு ஓடிய குடும்பங்களை உலகமே பார்த்தது. ‘ரோஹிங்கியா என்று யாரும் இல்லை, அது ஃபேக் நியூஸ்’ என்று மியான்மரின் ராக்கைன் மாநிலப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் 2017-ல் சொன்னார். அந்த ஆண்டில் மியான்மரின் சிறுபான்மை முஸ்லிம் மக்களான ரோஹிங்கியாக்கள் லட்சக்கணக்கில் எல்லை தாண்டி வங்கதேசத்துக்குப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இதையெல்லாம் பார்த்துத்தான், இந்தச் சொல்லையே அரசு பயன்படுத்த வேண்டாம், அர்த்தம் குழம்பிவிட்டது என்று 2018 ஜூலையில் பிரிட்டன் நாடாளுமன்றக் குழு ஒன்று சொன்னது. அரசும் அதை ஏற்றுக்கொண்டது. நாமும் ஏற்றுக்கொள்ளலாம். எப்படி என்று பார்ப்போம்.

படி 1: குறைக்கு அதன் சொந்தப் பெயரைச் சொல்லுங்கள்

ஒரு செய்தி உங்களை எரிச்சல்படுத்தினால், முதலில் உங்கள் புகார் என்ன என்று உங்களுக்கே சொல்லிப் பாருங்கள். நடக்காததை நடந்ததாக எழுதியிருக்கிறார்களா? அது பொய். நடந்ததைத் தவறாக எழுதியிருக்கிறார்களா, எண், பெயர், ஊர் மாறியிருக்கிறதா? அது பிழை. நடந்ததைத்தான் எழுதியிருக்கிறார்கள், ஆனால் பாதியை விட்டுவிட்டார்கள், ஒரு பக்கத்தை மட்டும் கேட்டிருக்கிறார்கள் என்றால் அது சாய்வு. காசு வாங்கிக்கொண்டு எழுதியது போல் இருந்தால் அது விளம்பரம். ‘இந்தச் சட்டம் நாட்டுக்குக் கேடு’ என்று ஒருவர் எழுதியிருந்தால் அது கருத்து. கருத்துக்கு மறுப்பு எழுதலாம், பொய் என்று சொல்ல முடியாது. கடைசியாக ஒன்று உண்டு, இதை ஒப்புக்கொள்வது எல்லோருக்கும் கஷ்டம்: எல்லாம் சரியாக இருக்கிறது, எனக்குத்தான் பிடிக்கவில்லை.

பெரிய சேனல் என்றால் பொய் வராது என்றும் எண்ண வேண்டாம். 2016 நவம்பரில் புதிய 2,000 ரூபாய் நோட்டில் நானோ சிப் இருக்கிறது, பூமிக்கடியில் புதைத்தாலும் செயற்கைக்கோள் கண்டுபிடித்துவிடும் என்ற கதை வாட்ஸ்அப்பிலிருந்து ஏறி தேசிய சேனல்களிலேயே ஓடியது. அப்படி எந்த சிப்பும் இல்லை. அது சாய்வு இல்லை, கருத்து இல்லை, பச்சைப் பொய். இந்த மாதிரி இடத்தில் பொய் என்று தயங்காமல் சொல்லுங்கள்.

படி 2: அது உண்மையிலேயே அங்கிருந்துதான் வந்ததா?

தமிழ்நாட்டில் அதிகம் சுற்றுகிற போலி எது என்று கேட்டால் நான் நியூஸ் கார்டைத்தான் சொல்வேன். தெரிந்த சேனலின் நிறம், லோகோ, எழுத்துரு, ஒரு தலைவரின் படம், அவர் சொல்லவே சொல்லாத ஒரு வரி. சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். அந்த சேனலின் அதிகாரபூர்வப் பக்கத்துக்குப் போய், கார்டில் போட்டிருக்கும் தேதியில் அது இருக்கிறதா என்று பாருங்கள். போலி என்றால் பெரும்பாலும் எழுத்துரு கொஞ்சம் வித்தியாசமாக இருக்கும், தேதியே இருக்காது, ஒற்றுப்பிழை இருக்கும். ஒரு பெரிய தலைவர் அவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லியிருந்தால் ஒரு சேனல் மட்டும் போட்டிருக்காது, எல்லோரும் போட்டிருப்பார்கள்.

படம் என்றால் கூகுள் லென்ஸில் போட்டுத் தேடுங்கள், அதே படம் மூன்று வருடத்துக்கு முன்னால் வேறு ஊர்ச் செய்தியில் வந்திருப்பது பெரும்பாலும் உடனே தெரிந்துவிடும். வீடியோ என்றால் ஓட்டத்தை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதையே தேடுங்கள். பின்னால் இருக்கும் கடைப் பலகை எந்த மொழியில் இருக்கிறது, வண்டி நம்பர் எந்த மாநிலத்துடையது, ஆட்கள் பேசுவது என்ன மொழி, இதையெல்லாம் கவனிக்க எந்த ஆப்பும் தேவையில்லை.

2023 மார்ச் மாதம் நடந்ததை மறக்கவே கூடாது. தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் வட மாநிலங்களில் தீயாகப் பரவின. ஒரு பெரிய இந்தி நாளிதழிலும் அப்படிச் செய்தி வந்தது, பீகார் சட்டமன்றத்திலேயே பேசப்பட்டது, அங்கிருந்து அதிகாரிகள் குழு ஒன்று இங்கே வந்து பார்த்தது. அந்த வாரம் ஹோலி. வழக்கமாகவே பண்டிகைக்கு ஊருக்குக் கிளம்புகிறவர்கள் ரயில் நிலையத்தில் கூட்டமாக நின்றதும் பயந்து ஓடுவதாகப் பேச்சு கிளம்பியது. எங்கள் பகுதியில் ஒரு பேக்கரியில் வேலை பார்த்த பையனுக்கு ஊரிலிருந்து அம்மா ஒரு நாளைக்குப் பத்து தடவை போன் செய்தார். ‘நான் நல்லாத்தான் இருக்கேன்’ என்று அவன் வீடியோ காலில் கடை முழுக்கச் சுற்றிக் காட்டினான். பொய்யான ஒரு வீடியோ எத்தனை வீடுகளில் சோறு இறங்காமல் செய்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

அப்போது தமிழ்நாடு டிஜிபியாக இருந்த சைலேந்திர பாபு வெளியிட்ட மறுப்பை இன்னொரு முறை கவனியுங்கள், பின்னால் தேவைப்படும். பரவும் இரண்டு வீடியோக்களும் பழையவை, திருப்பூரிலும் கோவையிலும் நடந்தவை. ஒன்று பீகார் தொழிலாளர்களுக்குள்ளேயே இரண்டு குழுக்களுக்கு நடந்த மோதல், இன்னொன்று கோவையில் உள்ளூர்க்காரர்களுக்குள் நடந்தது என்று சொன்னார். எந்த வீடியோ, எந்த ஊர், யாருக்கும் யாருக்கும் என்று சொன்னதால், சரிபார்க்க நினைத்த யாரும் சரிபார்க்க முடிந்தது.

படி 3: சாய்வைப் பிடிக்கப் பழகுங்கள்

இதுதான் கஷ்டமான படி, இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும். போலிச் செய்தியைக் கருவி கொண்டு பிடிக்கலாம். சாய்வில் எல்லா வரியும் உண்மையாக இருக்கும், அதனால் வாசிப்புப் பழக்கத்தால்தான் பிடிக்க முடியும்.

வினைச்சொல்லில் தொடங்குங்கள். சட்டசபையில் ஒரே சம்பவம். ‘எதிர்க்கட்சி வெளிநடப்பு’ என்று ஒரு பேப்பர், ‘பேச அனுமதி மறுப்பு: எதிர்க்கட்சி வெளிநடப்பு’ என்று இன்னொன்று, ‘சட்டசபையில் எதிர்க்கட்சி அமளி’ என்று மூன்றாவது. மூன்றில் எதுவும் பொய் இல்லை. மூன்றாவதை மட்டும் படித்தவருக்கு மைக் அணைக்கப்பட்டதே தெரியாது, இரண்டாவதை மட்டும் படித்தவருக்குக் காகிதம் கிழித்து வீசப்பட்டது தெரியாமல் போகலாம்.

இன்னும் கனமான உதாரணம். 2018 மே 22, தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்புப் போராட்டத்தின் நூறாவது நாள். கலெக்டர் அலுவலகத்தை நோக்கி மக்கள் போனார்கள், போலீஸ் சுட்டது, அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். இதை ‘கலவரத்தில் பலி’ என்று எழுதலாம். ‘துப்பாக்கிச்சூட்டில் பலி’ என்று எழுதலாம். ‘போலீஸ் சுட்டதில் 13 பேர் சாவு’ என்றும் எழுதலாம். முதல் வாக்கியத்தில் துப்பாக்கியே இல்லை. இரண்டாவதில் துப்பாக்கி இருக்கிறது, பிடித்த கை இல்லை. மூன்றாவதில்தான் யார் சுட்டார்கள் என்பது தெரிகிறது. நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது அது போலீஸ் மீதும் அதிகாரிகள் மீதும் குற்றம் சொன்னது. ‘கலவரம்’ என்ற சொல்லை மட்டும் நான்கு வருடம் படித்து வந்தவருக்கு அந்த அறிக்கை வானத்திலிருந்து விழுந்தது போல இருந்திருக்கும். எனவே ஒரு தலைப்பைப் படித்ததும், இதில் செய்தவர் யார், அவர் இந்த வாக்கியத்தில் இருக்கிறாரா என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வி போதும், பத்து நாளில் உங்கள் கண்ணே மாறிவிடும்.

அடுத்தது, யார் சொல்லித் தெரியும் என்பது. ‘கூறப்படுகிறது’, ‘தெரிகிறது’, ‘போலீஸ் வட்டாரங்கள் தெரிவித்தன’ என்ற சொற்களுக்கு அடியில் பென்சிலால் கோடு போடுங்கள். கைதான ஒருவர் கழிப்பறையில் வழுக்கி விழுந்து கை முறிந்து மாவுக்கட்டோடு நிற்கும் படம் நம்மூர்ப் பேப்பர்களில் எத்தனை முறை வந்திருக்கிறது? வழுக்கி விழுந்தார் என்று சொன்னது யார்? போலீஸ். வேறு யாரையாவது கேட்டார்களா, அந்த ஆளின் வீட்டில், வக்கீலிடம்? கேட்கவில்லை என்றால் அந்தச் செய்தி ஒரு தரப்பின் அறிக்கை மட்டும்தான். அதைப் பொய் என்று நீங்கள் சொல்ல வேண்டியதில்லை, ‘ஒரு தரப்பு மட்டும் பேசியிருக்கிறது’ என்று சொன்னால் போதும். அந்தச் சொல் இன்னும் உறுதியாக நிற்கும்.

அப்புறம், எதோடு எதைச் சேர்த்துச் சொல்கிறார்கள் என்பது. 2020 மார்ச்சில் டெல்லி நிஜாமுதீனில் நடந்த தப்லீக் ஜமாத் என்ற இஸ்லாமிய அமைப்பின் கூட்டத்தில் கலந்துகொண்டவர்களுக்கு கொரோனா பரவியது உண்மை. தமிழ்நாட்டில் ஆரம்ப வாரங்களில் பதிவான தொற்றுகளில் பெரும்பகுதி அந்தக் கூட்டத்தோடு தொடர்புடையதுதான். ஆனால் அந்த உண்மையை வைத்துக்கொண்டு, ஒரு மதத்தைச் சேர்ந்தவர்கள் வேண்டுமென்றே நோயைப் பரப்புகிறார்கள் என்கிற தொனியில் பல சேனல்கள் நாள் கணக்கில் விவாதம் நடத்தின. காய்கறி வண்டிக்காரரிடம் பெயர் கேட்டுத் துரத்துகிற அளவுக்குச் சில ஊர்களில் போனது. தமிழ்நாடு சுகாதாரத் துறை கொஞ்ச நாளில் தன் தினசரி அறிக்கையில் கூட்டத்தின் பெயரை விட்டுவிட்டு ‘சிங்கிள் சோர்ஸ்’ (ஒரே மூலம்) என்று சொல்ல ஆரம்பித்தது. எண்ணிக்கை மறைக்கப்படவில்லை, சொல் மட்டும் மாறியது. அந்த ஆண்டு ஆகஸ்டில் பாம்பே உயர் நீதிமன்றத்தின் அவுரங்காபாத் கிளை, கூட்டத்துக்கு வந்த வெளிநாட்டவர்கள் மீதான வழக்குகளை ரத்து செய்தபோது, அவர்களுக்கு எதிராக அச்சு ஊடகத்திலும் டிவியிலும் பெரிய பிரசாரமே நடந்தது என்று சொன்னது. அந்தச் செய்திகளை ஃபேக் நியூஸ் என்று சொல்லியிருந்தால், ‘தொற்று உண்மைதானே’ என்று ஒரே வரியில் தப்பித்திருப்பார்கள். சாய்வு என்று சொன்னால் தப்பிக்க வழியில்லை.

வராத செய்தியும் சாய்வுதான். இதைக் கண்டுபிடிக்க ஒரே வழி, ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் படிப்பது. வாரத்தில் ஒரு நாள், ஒரு பெரிய சம்பவத்தை எடுத்துக்கொண்டு மூன்று பேப்பர் பாருங்கள். அவற்றில் ஒன்றாவது உங்களுக்குப் பிடிக்காத பேப்பராக இருக்கட்டும். நூலகத்தில் உட்கார்ந்தால் காசுகூட ஆகாது. மூன்றிலும் பொதுவாக இருப்பது பெரும்பாலும் நடந்தது, ஒன்றில் மட்டும் இருப்பதை இன்னும் கொஞ்சம் தேட வேண்டும், ஒன்றில் மட்டும் இல்லாததை ஏன் விட்டார்கள் என்று யோசிக்க வேண்டும்.

படி 4: யாருடைய காசு?

நம் மாநிலத்தில் இதைப் பார்ப்பது சுலபம். முரசொலி திமுகவுடையது, தீக்கதிர் மார்க்சிஸ்ட் கட்சியுடையது, மறைக்கவே இல்லை. 2007-ல் கருணாநிதி குடும்பத்துக்கும் மாறன் சகோதரர்களுக்கும் பிணக்கு வந்தபோது, சன் டிவி இனி நம் பக்கம் இருக்காது என்று சில மாதங்களிலேயே கலைஞர் டிவி தொடங்கப்பட்டது. ஜெயா டிவி சசிகலா குடும்பத்திடம் இருந்ததால் அதிமுக தரப்புக்கு 2018-ல் நியூஸ் ஜெ வந்தது. தேசிய அளவில் 2022 கடைசியில் என்டிடிவி அதானி குழுமத்திடம் போனது. யார் கையில் இருக்கிறது என்று தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அதை வைத்து, அந்த சேனலில் வருவதெல்லாம் பொய் என்று மூடிவிடாதீர்கள். ஆளுங்கட்சி செய்த தப்பை முதலில் வெளியே கொண்டுவருவது பெரும்பாலும் எதிர்க்கட்சிச் சேனலாகத்தான் இருக்கும். சாய்வான கையும் உண்மையான ஆவணத்தைக் காட்ட முடியும். ஆவணத்தைப் பாருங்கள்.

காசுச் செய்தி இன்னொரு ரகம். 2009 மகாராஷ்டிர தேர்தல் நேரத்தில் அன்றைய முதல்வர் அசோக் சவானைப் புகழும் ஒரே கட்டுரை வெவ்வேறு நாளிதழ்களில் வரிக்கு வரி அப்படியே வந்திருந்ததை பத்திரிகையாளர் பி. சாய்நாத் வெளிக்கொண்டுவந்தார். தேர்தல் நேரத்தில் ஒரு வேட்பாளரைப் பற்றி குறையே சொல்லாத முழுப்பக்கக் கட்டுரையைப் பார்த்தால், மூலையில் சின்ன எழுத்தில் ‘விளம்பரம்’ என்று இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லையென்றால் சந்தேகப்படுங்கள்.

படி 5: பிழைக்கு வெட்கப்படுகிறார்களா என்று பாருங்கள்

எல்லா நிருபர்களும் தவறுவார்கள். திருத்துகிறார்களா என்பதுதான் கேள்வி. 2017 டிசம்பரில் அமெரிக்காவின் ஏபிசி செய்தி நிறுவனம் டிரம்பின் முன்னாள் ஆலோசகர் ஃப்ளின் பற்றி ஒரு தவறான தகவலை ஒளிபரப்பி, திருத்தம் வெளியிட்டு, அந்தச் செய்தியாளரை நான்கு வாரம் சம்பளமில்லாமல் இடைநீக்கம் செய்தது. பிழையை ஒப்புக்கொண்டு தண்டனையும் கொடுத்த அந்தச் செய்தியைத்தான் அடுத்த மாதம் டிரம்ப் தன் ‘ஃபேக் நியூஸ் விருது’ பட்டியலில் சேர்த்தார். திருத்துகிறவனை அடித்தால் யாரும் திருத்த மாட்டார்கள். நீங்கள் படிக்கிற பேப்பரில் திருத்தம் எந்தப் பக்கத்தில், எவ்வளவு பெரிதாக வருகிறது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். திருத்தமே வராத பேப்பரை நான் அதிகம் நம்புவதில்லை.

படி 6: அதிகாரத்தில் இருப்பவர் ‘ஃபேக் நியூஸ்’ என்றால்

மூன்று கேள்வி கேளுங்கள். எந்த வரி தப்பு? அப்படியானால் சரியான தகவல் என்ன? அதற்கு ஆவணம் எங்கே? 2023-ல் டிஜிபி சொன்ன மறுப்பில் முதல் இரண்டுக்குமே பதில் இருந்தது. ஊரும் சம்பவமும் சொன்னதால் மூன்றாவதை யாரும் போய்ப் பார்த்துக்கொள்ள முடிந்தது. அதனால்தான் அது மறுப்பு. பதில் எதுவும் இல்லாமல் சொல் மட்டும் வந்தால், அந்தச் செய்தியை இன்னொரு முறை கவனமாகப் படிக்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சட்டமாக வந்தால் இன்னும் கவனம் வேண்டும். மலேசியாவில் 2018 ஏப்ரலில், பொதுத் தேர்தலுக்கு ஒரு மாதம் முன்னால், போலிச் செய்தி தடுப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. ஆறு ஆண்டு வரை சிறை. அப்போது 1எம்டிபி என்ற அரசு முதலீட்டு நிறுவனத்தில் நடந்த ஊழல் பெரிதாகப் பேசப்பட்டுக்கொண்டிருந்தது. அரசு உறுதி செய்யாத 1எம்டிபி தகவல் எல்லாமே போலிச் செய்தி என்று துணை அமைச்சர் ஒருவரே சொன்னார். பின்னால் அந்த ஊழலில்தான் அப்போது பிரதமராக இருந்த நஜிப் சிறைக்குப் போனார். ஆட்சி மாறிய பிறகு 2019 டிசம்பரில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

இங்கேயும் நடந்திருக்கிறது. 2018 ஏப்ரல் 2 அன்று, போலிச் செய்தி வெளியிட்டால் பத்திரிகையாளரின் அங்கீகாரம் ரத்து என்று மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் அறிவித்தது. எதிர்ப்பு கிளம்ப, மறுநாளே பிரதமர் சொல்லித் திரும்பப் பெற்றார்கள். 2023-ல் தகவல் தொழில்நுட்ப (ஐடி) விதிகளைத் திருத்தி, மத்திய அரசு தொடர்பான தகவல்களில் எது போலி என்று அரசின் பிரிவே முடிவு செய்யலாம் என்று கொண்டுவந்தார்கள். 2024 செப்டம்பரில் பாம்பே உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ‘போலி, பொய், தவறாக வழிநடத்துவது’ என்ற சொற்களுக்கு அந்த விதியில் வரையறையே இல்லை என்பதும் ஒரு காரணம். தமிழ்நாடு அரசும் 2023-ல் தகவல் சரிபார்ப்பகம் என்று ஒன்றைத் தொடங்கியது. வீடியோ எந்த ஊருடையது என்பது போன்ற விஷயங்களில் இத்தகைய அரசுப் பிரிவுகள் பயன்படும், நானும் பார்ப்பேன். ஆனால் அரசைப் பற்றிய புகார் உண்மையா என்பதற்கு, எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும், அரசின் முத்திரை கடைசி பதில் ஆகாது. வழக்கில் பிரதிவாதியே தீர்ப்பு எழுத முடியாது இல்லையா?

படி 7: வீட்டில், குழுவில், வெளியில்

பொய் என்று உறுதியானால் ஆதாரத்தோடு ஒரே ஒரு முறை போடுங்கள், அனுப்பியவரை அசிங்கப்படுத்தாமல். பெரியவர்கள் என்றால் தனியாக அனுப்புங்கள். குழுவில் போட்டால் கௌரவப் பிரச்சினை ஆகிவிடும், உண்மை பின்னால் போய்விடும். பேப்பரில் பிழை என்றால் முதலில் ஆசிரியருக்கு எழுதுங்கள். தேதி, பக்கம், வரி, எது சரி என்று நான்கும் இருக்கட்டும். பதில் இல்லை என்றால் இந்தியப் பத்திரிகைக் கவுன்சில் இருக்கிறது. அதற்குக் கண்டிக்கத்தான் அதிகாரம் உண்டு, தண்டிக்க இல்லை, ஆனாலும் பதிவாகும். டிவி என்றால் முதலில் அந்த சேனலுக்கு, பிறகு அது சேர்ந்திருக்கும் ஒளிபரப்பாளர் சங்கத்தின் குறைதீர்ப்பு அமைப்புக்கு. உங்கள் புகாரில் ‘ஃபேக் நியூஸ்’ என்று எழுதாமல் எது குறை என்று எழுதியிருந்தால் அவர்களால் தட்டிக்கழிப்பது கடினம்.

அந்தச் சாலைச் செய்தியைப் பற்றி அன்றிரவு நான் மாமாவுக்குத் தனியாக ஒரு வரி அனுப்பினேன்: ‘மாமா, இதில் எந்த வரி தப்பு?’ பதில் வரவில்லை. மறுநாள் காலை, டெண்டர் தொகை சரிதான், ஆனால் போன ஆட்சியிலும் இதே ரோடு இதே கதியில்தான் கிடந்தது, அப்போது இந்தப் பேப்பர் எழுதியதா என்று கேட்டார். அது நல்ல கேள்வி. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் மாவட்ட மைய நூலகத்துக்குப் போய், பழைய பேப்பர் கட்டுகளை எடுத்துத் தரச் சொல்லி உட்கார்ந்திருக்கிறோம். இதுவரை ஒன்றரை வருடத்துப் பேப்பர் பார்த்தாகிவிட்டது.